நிஸாம் நானாவோட ஜனாஸாவுக்கு நான் போகல்ல

நிஸாம் நானா மௌத்தாகிட்டாரு. அடக்கமும் முந்தாநாளே முடிஞ்சிருச்சு... எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

காலைல ஒரு போஸ்ட் விளங்கல்லன்னு அவர் நம்பருக்கு கோல் எடுத்தேன். மகன்தான் எடுத்தாரு. "வாப்பா இல்லக்கா"ன்னாரு. கடைக்குப் போயிட்டாரான்னு கேட்டேன் நான்... சீ.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மாத்தளை டவுன்ல பல்பு, வயர் விக்கிற கடை அவருக்கு. நம்ம ஊர் பேஸ்புக் குரூப்போட அட்மினும் அவர்தான். என் மாஸ்டர்ஸ் ரிசர்ச்சே அந்த குரூப்தான். ஆட்கள் என்ன எழுதுறாங்க, யார் சொன்னா யார் கேட்கிறாங்கன்னு கம்ப்யூட்டர வச்சுப் பார்க்கிறது.

"நம்ம கதையெல்லாம் கேம்பஸுக்குக் குடுக்கிறீங்களா"ன்னு சிலபேர் அவரோட சண்டைக்கு வந்தாங்க. "அது நம்ம பக்கத்து நாவுல ஊர்ப் புள்ள, யார் பேரும் வெளிய வராது, நான் பொறுப்பு"ன்னு நின்னாரு மனுஷன்.

யார் யாரோட பேசுறாங்கன்னு வட்டம் வட்டமா கீறின படத்தை ஒருநாள் காட்டினேன். நடுவுல ஆகப் பெரிய வட்டம் அவர்தான். "ஏன் தங்கச்சி என்னய மட்டும் இப்படிக் குண்டாக்கி வச்சிருக்கீங்க"ன்னு கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் காட்டிச் சிரிச்சாரு.

எங்க அப்பா தவறினப்போ நான் கேட்காமலே குரூப்ல போட்டாரு. தமிழ்லயும் சிங்களத்துலயும்... வீட்டு அடையாளம், எடுக்கிற நேரம் எல்லாம். அதைப் பார்த்துத்தான் அப்பாவோட பழைய கூட்டாளிங்க வந்து சேர்ந்தாங்க.

அவர் மௌத்தையும் மகன் அதே குரூப்ல போட்டிருக்காரு.

மரண அறிவித்தல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வசனம். ஆளாளுக்கு ஷேர் பண்ணித் திரும்பத் திரும்ப வரும். டேட்டாவுக்கு இடைஞ்சல்னு, அதெல்லாம் தானா ஒதுங்கிப் போற மாதிரி புரோகிராம் எழுதினது நான்தான். குரூப் நோட்டிபிகேஷனை எப்பவோ ஓஃப் பண்ணிட்டேன். புரோகிராம் கழிச்சது போக மிச்சத்தைத்தான் வாசிக்கிறது.

கோலை வச்சிட்டுப் போய்த் தேடினேன். ஒதுக்கினதுக்குள்ள கிடக்குது... நானாவோட போட்டோவோட. வெட்கமா இருக்கு. வேற என்ன சொல்ல.

மத்தியானம் பஸ் ஏறி அவங்க வீட்டுக்குப் போனேன்.

அவர் ஒய்ஃப் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்களுக்குத் தனியா கோல் எடுக்கல்ல, கோவிக்காதீங்க தங்கச்சி. எங்கட குரூப்ப ஒண்ணு விடாம வாசிக்கிற ஆள் நீங்கதானேன்னு நெனச்சிட்டோம்."

ஆமான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரல்ல.

இதை அந்த குரூப்லயும் போடுறேன். நானா வீட்டு ஆட்களும் வாசிக்கட்டும்.

போயிட்டு வாங்க நானா.