தறி வீட்டுக்கு நான் அமைத்துக் கொடுத்த ஆர்கெஸ்ட்ரா

எந்த சாம்ப்ளர் வாங்கலாம் என்று யாராவது போன் செய்தால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்கிறவனுக்கு நாலு வரி மெட்டுப் போடத் தெரியாது, ஆனால் வயலின் மட்டும் முந்நூறு ஜிபி வேண்டும். எதையோ ஒன்றைச் சொல்லிப் போனை வைத்துவிடுவேன். ஒரே ஒருத்திக்குத்தான் நேரில் போய், பார்த்துப் பார்த்து எல்லாம் அமைத்துக் கொடுத்தேன். நான் கெடுத்ததும் அவளைத்தான்.

எனக்கு நாமக்கல்லில் மாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, போர் போடும் ரிக் கம்பெனி விளம்பரம், முட்டை விளம்பரம், ஆடி மாதமானால் அம்மன் பாட்டு. எங்கேயோ வெளிநாட்டு அரங்கில் ஐம்பது பேர் உட்கார்ந்து வயலினையும் செல்லோவையும் ஒவ்வொரு சுரமாக, மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை என்று வாசித்துப் பதிந்து வைத்திருப்பார்கள். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அதில் பொருத்தமானதை எடுத்துக் கொடுக்கிற மென்பொருள்தான் சாம்ப்ளர். அதில் என்னை அடிக்க இந்தப் பக்கம் ஆள் இல்லை. சினிமாவுக்கு ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின், செல்லோ கூட்டம் வாசிக்கிற இசை, எழுத வேண்டும் என்று பதினெட்டு வருடமாக முட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

அவள் குமாரபாளையத்தில் ஒரு தறி வீட்டு மருமகள். தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆண்டு விழாப் பாட்டை வாங்க வந்தவள், "சித்த நேரம் வாசிச்சுப் பாக்கட்டுங்களாண்ணா?" என்று கேட்டு என் கீபோர்டில் செல்லோவை எடுத்து வாசித்தாள். பத்து சுரம் இருக்கும். நான் போனைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். எனக்குள் என்னவோ அறுந்த மாதிரி இருந்தது. அந்தச் செல்லோவை நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். அது அப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாது.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு சினிமா இசையமைப்பாளர், தன் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சேலம் வருவதாக இருந்தார். தனக்கு ஸ்ட்ரிங்ஸ் எழுத ஒரு ஆள் வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு துண்டு செய்துகொண்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்கிறேன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் ஒன்று செய்துகொண்டிருந்தேன், அவளிடம் மூச்சு விடவில்லை. கீபோர்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, நீங்கதான் வந்து எல்லாம் செட் பண்ணிக் குடுக்கோணும். ஊட்டுல பேசிட்டனுங்க. இது ஆச்சுன்னா ஸ்கூல விட்டுட்டு இதயே பாக்கறது. ஆவலைன்னா எல்லாத்தயும் மூடி வெச்சுர்றதுன்னு சொல்லிட்டேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நல்ல மனிதனாகவே போய்ச் சேர்ந்திருப்பேன். புதுச்சத்திரத்தில் ஒரு வேலை இருந்ததைத் தள்ளிப் போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

தேர்ந்தெடுத்ததில் நான் அவளை ஏமாற்றவில்லை. அவள் ஆசைப்பட்ட லைப்ரரியை, அதாவது சாம்ப்ளருக்கான ஒலித் தொகுப்பை, அவள் கம்ப்யூட்டர் தாங்காது, திறந்தாலே மூச்சு வாங்கும். மூன்று மைக் வைத்துப் பதிந்ததில் ஒரு மைக்கை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிற சின்ன லைப்ரரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் திரையில் ஒரு தடம்; செல்லோவின் சுரங்கள் இழுத்துக்கொண்டு லேசாகத் தாமதமாக விழும், அந்தத் தடத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தேன். இடது கையால் கீபோர்டு ஓரத்துச் சக்கரத்தை உருட்டினால் வில்லின் அழுத்தம் கூடும், குறையும் என்று காட்டினேன். அதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவளுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. டீ கொண்டுவந்த அவள் வீட்டுக்காரர், "எப்படிங்க சார், தேறுமுங்களா?" என்று கேட்டார். "பாக்கலாங்க" என்றேன்.

அவள் அறைக்குச் சுவரை ஒட்டியே தறிப்பட்டறை. எட்டுத் தறி, ராத்திரி பகலாக ஓட்டம். உள்ளே நுழைந்ததும் தரை அதிர்ந்து என் பல் கூசியது. "இந்தச் சத்தத்துல எப்படி அம்மணி?" என்று கத்தினேன்.

"எங்கீங்ணா சத்தம்?" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருடம், அவளுக்கு அது காதில் விழவே இல்லை. கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் அவள் கம்ப்யூட்டரும் சேர்ந்து நின்றுவிடும். பண்டிகைக்குத் தறி நிற்கும் நாளில் அவள் அடுப்படியை விட்டு வர முடியாது. ஆக, தான் எழுதியதை அவள் ஒரு நாள்கூட அமைதியில் கேட்டதில்லை.

துண்டைப் போட்டுக் காட்டினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வயலின்கள் மேலே எதையோ கேட்க, செல்லோ பதில் சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிற மாதிரி ஒரு மெட்டு. எனக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது? எரிந்தது, அவ்வளவுதான்.

"அந்த டபுள் பேஸ் மட்டும் கேக்கவே மாட்டீங்குதுண்ணா. இன்னங்கொஞ்சம் ஏத்தட்டுங்களா?" என்றாள்.

கேட்காதுதான். தறியின் அதிர்வும், வயலின் கூட்டத்திலேயே அடியில் உறுமுகிற டபுள் பேஸும் ஒரே ஆழத்தில் கிடப்பவை. ஹெட்போனை மீறி, நாற்காலி வழியாகவே அந்த அதிர்வு ஏறி வந்து டபுள் பேஸை மூடிவிடும். இங்கே கேட்கும் அளவுக்கு ஏற்றினால் அமைதியான அறையில் அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வரி போதும். என் ஸ்டுடியோவுக்கு வந்து ஒரு தடவை கேட்டுவிடு என்றால் முடிந்தது.

"ஏத்திக்க அம்மணி" என்றேன். அதோடு விட்டேனா? செல்லோவும் அடியில் அமுங்குகிறது என்று சொல்லி, என் கையாலேயே இரண்டையும் மேலே தள்ளி வைத்தேன். "இப்ப நெம்ப நல்லா இருக்குதுங்ணா" என்று சிரித்தாள். போனில் கேட்டுப் பார் என்று வேறு சொன்னேன். போன் ஸ்பீக்கரில் டபுள் பேஸ் வராது என்று எனக்குத் தெரியும். அவள் கேட்டாள், எல்லாம் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில், அந்த இசையமைப்பாளரின் நண்பருடைய ஸ்டுடியோவில் கூடினோம். ஏசி ஓடுகிற சத்தம்கூட இல்லாத அறை. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் பீரோ உயரம். என்னுடையதை முதலில் போட்டார்கள். "நீட்டா இருக்கு" என்றார் இசையமைப்பாளர். நீட்டா இருக்கு என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பிறகு அவளுடையது.

முதல் நொடியிலேயே கண்ணாடிக் கதவு கடகடத்தது. வயலின் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மெட்டு கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது. அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை, அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, இது ஸ்ட்ரிங்ஸா, போர் போடுற வண்டியா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவன் என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

"ஊட்டுல நல்லாத்தானுங்க சார் கேட்டுது" என்றாள், எழுந்து நின்றுகொண்டு.

"எல்லாருக்கும் வீட்ல நல்லாத்தாம்மா கேக்கும்" என்றார்.

அப்போதும் நேரம் இருந்தது. பெண்டிரைவில் அவள் தடங்களைத் தனித்தனியாகவும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அப்படிக் கொண்டு போகச் சொன்னதே நான்தான். டபுள் பேஸை இறக்கிவிட்டுப் போடுங்கள் சார் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் அந்த பெண்டிரைவை என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். தான் வைத்திருந்தால் தொலைந்துவிடும் என்று அவள் அதை என்னிடமே கொடுத்திருந்தாள். இரண்டே தடங்களைக் கீழே இறக்கினேன். முழுவதும் கேட்டேன். மறுபடி கேட்டேன். எட்டோ ஒன்பதோ தடவை கேட்டிருப்பேன். அந்த மனிதர் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே அவளை வண்டியில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப் போயிருப்பார். போனை எடுத்து அவள் நம்பரைத் தொட்டுவிட்டு, அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். வீட்டுக்காரர் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

"எங்காதுல கோளாறுன்னு நெனச்சனுங்ணா. தறி ஊட்டுல இருக்கறவீங்களுக்குக் காது மந்தமாயிரும்பாங்க. அதான் ஊட்டுல சரியாக் கேட்டது அங்க அப்படி ஆச்சுன்னு. ஈரோட்டுல டாக்டர்கிட்டப் போய்ப் பாத்தோம். மிசின்லெல்லாம் வெச்சுப் பாத்தாருங்க. காது நெம்ப நல்லாருக்குதாம், ஒண்ணுமே இல்லையாம்."

"நல்லதுதான அம்மணி."

"நல்லதுங்களா?" என்றாள். "காதுல கோளாறுன்னா அதுமேல பழியப் போட்டுட்டு இருந்துருப்பனுங்க. காதும் நல்லாருக்குது, நீங்க செட் பண்ணிக் குடுத்ததும் சரியாத்தான் இருக்கும். அப்பறம் என்னுங்க மிச்சம்? நான்தான?"

நான் மேசையில் கிடந்த வயரை எடுத்துச் சுருட்டினேன்.

"நீங்க சொல்லுங்ணா. நீங்க சொன்னா ஏத்துக்கறேன். எனக்கு இது வருமுங்களா, வராதுங்களா?"

அவள் துண்டு என் திரையில்தான் இருந்தது, மானிட்டரை அணைத்து வைத்திருந்தேன். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

"எல்லாருக்கும் வந்துடாது அம்மணி" என்றேன். "பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறியில்ல, அதப் பாரு."

தலையாட்டினாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "இத மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு எனக்கு உங்களை உட்டா ஆளில்லீங்ணா" என்றாள். எழுந்து கதவு வரை போனவள் நின்று என் ஸ்பீக்கர்களைப் பார்த்தாள்.

"இந்த ரூம் சத்தமில்லாம இருக்குதுங்ணா. அந்தத் துண்ட ஒரே ஒருக்கா இதுல கேட்டுட்டுப் போகட்டுங்களா?"

"அழிச்சுட்டேன்" என்றேன்.

"அதுவும் நல்லதாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.