சனிக்கிழமைகளில் வராதவர்கள்

ஓய்வுநாள் என்பது வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும் வரை. வேதாகமம் எழுதப்பட்ட ஊரில் அது சுலபமான கணக்காக இருந்திருக்கும். ஒஸ்லோவில் அப்படியில்லை. மார்கழி வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் மூன்று மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். ஒவ்வொரு குளிர்காலமும் அப்பா, தான் துப்புரவு வேலை செய்யும் கட்டடத்து மேலாளரிடம் போய், இரண்டு மணிக்கே விடச்சொல்லிக் கேட்டு நிற்பார். ஆனி மாதத்தில் இதற்கு மறுதலை. சனி இரவு பத்தரைக்கும் வெளிச்சம் யன்னலில் நிற்கும். அதுவரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, கடைக்குப் போவதில்லை, கொண்டாட்டம் எதற்கும் போவதில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் எங்களைக் கவிழ்த்தது. ஒஸ்லோவில் தமிழர் வீட்டுக் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு, ஐம்பதாவது பிறந்தநாள், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள், எல்லாமே சனிக்கிழமைதான். கிழமை நாட்களில் சனத்துக்கு வேலை. ஞாயிறு வைத்தால் அடுத்தநாள் வெள்ளென எழும்பவேண்டும். இந்த ஓய்வுநாளை அனுசரிக்கும் சிறு சபையொன்றில் நாங்கள் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை அழைப்புக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஞாயிறு காலையில் அம்மா ஏதாவது பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவாள். மண்டபத்தில் காணாத முகத்தை மறுநாள் சமையலறை வாசலில் கண்டால், அதை வந்ததாக யாரும் எடுப்பதில்லை.

அதற்கு முதல் நாங்கள் கத்தோலிக்கர். அப்பாவும் அம்மாவும் தீவுப்பகுதியில் கடல்தொழில் வீடுகளில் பிறந்தவர்கள். அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அம்மா பள்ளிக்கூடப் படலையைத் தாண்டவே இல்லை. இங்கே வந்து பல வருடம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனாள். பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயசைத்தாள். அந்தப் புத்தகம் சில நாட்களில் தலைகீழாக இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. புருசெத்தில் ஒரு மாடிக்கட்டடத்தின் நிலவறையில் கூடிய இந்தச் சபையின் இருபது பேர் கவனித்தார்கள். அ, ஆ என்று தொடங்கி இரண்டு குளிர்காலத்துக்குள் அவளை வாசிக்க வைத்தார்கள். சனம் அதற்கு வைத்த பெயர் மூளைச்சலவை.

பெரியவர்கள் எங்களை 'அல்லேலூயாக் கூட்டம்' என்றார்கள். எங்கள் சபையில் அல்லேலூயா என்று ஒருவரும் சத்தம் போட்டதில்லை. மேல்மாடியில் இருந்த நோர்வேஜியக் கிழவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று பாட்டையே முணுமுணுத்துத்தான் பாடினோம். இங்கே பிறந்து வளர்ந்த பெடியள் வேறு சொல் வைத்திருந்தார்கள். செக்ட். ஆட்களை மயக்கிப் பிடித்து வைக்கும் மதக்கூட்டம் என்று அர்த்தம். நோர்வேஜிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிறகு விளக்கம் தேவையில்லை. கேட்டவர் முகத்தில் முதலில் இரக்கம் வரும், பிறகு ஒரு அடி பின்னால் போவார்.

என் தங்கச்சி தாதியாக வேலை செய்கிறாள். கூடப் படித்த பெடியன் ஒருவனை விரும்பினாள். கத்தோலிக்கக் குடும்பம், ஹொல்ம்லியாவில் வீடு. நல்லவன். அவனுக்கு எங்கள் சபை ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்களில் கலியாணம் இரண்டு பேருக்கு மட்டும் நடப்பதில்லை என்று அவனுக்கும் தெரியும். ஒரு ஞாயிறு பின்னேரம் அவனும், அவனுடைய தாயும், தாயின் தமையனும் தமையன் மனைவியும் அம்மருட்டில் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். பெடியனின் அந்த மாமா கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சபையில் பெரிய ஆள். அவர் தலையாட்டினால்தான் காரியம் நடக்கும்.

"நீ படிச்சனி, நீ கதை," என்று அப்பா என்னிடம் விட்டுவிட்டார்.

எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அங்கே மதங்களைப் பற்றி ஒரு பாடம் எடுத்திருந்தேன். 'செக்ட்' என்பது ஆராய்ச்சிக்கு உதவாத சொல், அதைச் சொல்பவரைப் பற்றித்தான் அது அதிகம் சொல்லும் என்று விரிவுரையாளர் சொன்னபோது, எனக்கு யாரோ முதுகைத் தடவிவிட்டது போல இருந்தது. இதைப் போய்ச் சொன்னால் முடிந்துவிடும் என்று நம்பினேன். ஒரு இரவு முழுக்க இருந்து எட்டுக் கேள்விகள் எழுதினேன். ஒருவரைத் தெய்வமாக வைத்திருக்கிறார்களா, விட்டுப் போகிறவரை ஒதுக்குகிறார்களா, வெளியாரோடு பழக மறிக்கிறார்களா. இப்படி. தமிழில் அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

தேத்தண்ணியும் ரோல்ஸும் முடிந்ததும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நேராக் கேக்கிறன், குறை நினைக்காதையும். நீங்கள் செக்டோ?"

"இல்லை மாமா. ஏன் இல்லை எண்டு எழுதியே வச்சிருக்கிறன்," என்று கடதாசியை நீட்டினேன்.

மூன்று தலைமுறை படித்த வீட்டில் பிறந்தவன் அப்படிச் செய்திருக்க மாட்டான். பெண் கேட்டு வந்தவர்களுக்கு முன்னால் கடதாசி நீட்டக்கூடாது என்பது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். எனக்கோ, எழுதி அச்சடித்தால் அது உண்மை, உண்மையை வாசித்தால் மனிதர் மாறுவார்கள் என்ற எண்ணம்.

அதிலும் நான் செய்த பெரிய பிழை வேறு. நியாயமாக இருக்கவேண்டும் என்று இரண்டு நிரல் போட்டிருந்தேன். ஒன்றில் எங்கள் சபை. மற்றதில் அவர்களுடைய திருச்சபை. அதே எட்டுக் கேள்விகள்.

மாமா கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். இரண்டாவது நிரலுக்கு வந்ததும் காது சிவந்தது.

"எங்கட கோயிலையும் உங்கட நிலவறையையும் ஒரே கடதாசியிலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறீரோ?"

"ஒப்பிடேல்லை மாமா, கேள்வி ஒண்டுதானே எண்டு..."

"பாப்பரசரைப் பற்றி என்ன எழுதியிருக்கு, வாசியுங்கோ பாப்பம்," என்றார் அவர் மனைவி.

"வேண்டாமப்பா. வாசிச்சா ரோல்ஸ் செமிக்காது," என்றார் மாமா.

அந்தப் பெடியன் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை வாசலில் நின்ற தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை.

அப்போதுதான் பெடியனின் தாய் வாய் திறந்தா. கடதாசியை அவ தொடவே இல்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டா:

"உந்தக் கேள்வியள் எனக்கு விளங்காது. என்ர அக்கா செத்தவ. செத்தவீட்டுக்கு வந்தனீங்கள், ஓம், மறக்கேல்லை. முப்பத்தொண்டுக்கு ஏன் வரேல்லை?"

"அண்டைக்குச் சனிக்கிழமை," என்றாள் அம்மா.

"அது தெரியும். நாங்களும் சனிக்கிழமைதான் அழுதனாங்கள்."

அம்மா வெறும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். என் எட்டுக் கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை. எங்களுக்குக் கிடைத்த பெயர் எங்கள் போதனையால் கிடைத்தது என்று நான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நாங்கள் எதை நம்புகிறோம் என்று அந்த அறையில் ஒருவருக்கும் கவலை இல்லை. நாங்கள் எந்த எந்தச் சனிக்கிழமை வரவில்லை என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

மாமா எழும்பும்போது முடிவைச் சொன்னார். கலியாணத்துக்குத் தடை இல்லை. பெடியன் விரும்பிவிட்டான். ஆனால் தங்கச்சி திரும்பிப் பழைய கோயிலுக்கு வரவேண்டும். கலியாணம் அங்கே, சனிக்கிழமை. தாய் தகப்பன் முன்னால் நிற்கவேண்டும். "நிண்டால் சனம் கதைக்காது. நிக்காட்டிக் கதைக்கும். அவ்வளவுதான்."

தங்கச்சி சரி என்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அம்மா வந்து நிற்கவேண்டும். அதற்காக அவள் மூளையைப் போட்டு உடைத்தாள். மார்கழியில் வைத்தால் மூன்றே காலுக்கெல்லாம் பொழுது பட்டுவிடும், பிறகு அம்மா எங்கேயும் வரலாம். மாமாவிடம் தொலைபேசியில் கேட்டாள்.

"மார்கழியிலையோ? கிறிஸ்மசுக்கு முந்தின திருவருகைக் காலத்திலை எங்கட ஆக்கள் கலியாணம் வைக்கிறேல்லை பிள்ளை. அது முறையில்லை."

அவர்கள் ஒரு மாதம் முழுக்க விலக்கி வைத்தால் அது முறை. நாங்கள் ஒரு நாளை விலக்கி வைத்தால் செக்ட். இதை நான் சொல்லப் போனபோது தங்கச்சி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணா, தயவுசெய்து வாயை மூடு," என்றாள்.

கார்த்திகையின் கடைசிப் பக்கம் ஒரு சனிக்கிழமை தீர்மானமானது. அன்று மூன்றரைக்குச் சூரியன் மறையும். பூசையை நாலு மணிக்கு வைக்கலாமா என்று கேட்டாள். அந்தக் கோயிலில் பின்னேரம் வேறு மொழிக்காரருக்குப் பூசை; தமிழருக்குக் கிடைத்த நேரம் ஒரு மணி. "மாத்திக் கேக்கலாம்," என்றார் மாமா. "ஆனா ஏன் கேக்கவேணும்? வாறவை எந்த நேரமும் வருவினம்."

மிஞ்சியது அம்மாவின் சம்மதம் மட்டும்தான். ஓய்வுநாளில் வேறு பீடத்துக்கு முன்னால் போய் நிற்பது சபையில் வழக்கமில்லை. ஒரு ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் சபை மூப்பர் வீட்டுக்குப் போனேன். மூப்பர் பஸ் ஓட்டுபவர், மென்மையான மனிதர், அம்மாவுக்கு எழுத்துக் காட்டியவர்களில் ஒருவர். முழுவதையும் கேட்டார்.

"நாங்கள் ஒருத்தரையும் மறிக்கிறேல்லை அக்கா. கதவு திறந்துதான் கிடக்கு. ஆர் எதாலை வெளிக்கிட்டுப் போகினம் எண்டு ஆண்டவருக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மனைவி பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் தள்ளினா. 'போகிறவர்களை மறிக்கிறார்களா?' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று நான் எழுதியிருந்தேன். அது பொய் இல்லை. ஆனால் மூப்பர் சொன்ன கடைசி வாக்கியத்துக்கு என் கடதாசியில் இடம் இருக்கவில்லை. மாமா மேல் இருந்த கோபத்தில் பாதியை அன்று அந்தக் கதிரையில் இருந்தபடியே இந்த மனிதருக்கு மாற்றினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

கலியாணத்தன்று அம்மாவும் அவளோடு அப்பாவும் வீட்டில் நின்றுவிட்டார்கள்; தகப்பன் இடத்தில் நான் தங்கச்சியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் தாய் இருக்கவேண்டிய இடத்தில் மாமாவின் மனைவி இருந்தா. நல்ல சேலை. தாலி கட்டும்போது தங்கச்சி ஒருமுறை திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். மணி ஒன்றரை. வெளியே பளீரென்று வெயில்.

மூன்று மணிக்கு மண்டபத்திலிருந்து புறப்பட்டு அம்மருட்டுக்கு ஓடினேன். அம்மா பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கோட்டும் போட்டு, சப்பாத்தும் போட்டு, யன்னலோரம் இருந்தாள். எவ்வளவு நேரமாக இருந்தாளோ தெரியாது. பக்கத்தில் அப்பா, கழுத்தில் ரை கட்டி. மூன்றரை கடந்ததும் எழும்பினார்கள். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாலே கால். வாசல் மேசையில் இருந்த ஒரு அன்ரி சத்தமாகக் கேட்டா:

"ஆ, வாங்கோ வாங்கோ! இப்பதானோ விட்டவங்கள்?"

"நல்லகாலம் கார்த்திகையிலை வச்சது," என்றார் பக்கத்தில் இருந்தவர். "ஆனியிலை எண்டால் பந்தல் பிரிக்கத்தான் வந்திருப்பினம்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், விருந்தாளி சிரிப்பது போல. படம் பிடிக்கிறவர் ஓடிவந்து, "அம்மா அப்பா மேடைக்கு ஏறுங்கோ. ஆசீர்வாதம் பண்ணுற மாதிரி ஒருக்கா," என்றார். அந்த 'மாதிரி'க்கு அவர்கள் இரண்டு பேரும் தங்கச்சியின் தலையில் கை வைத்தார்கள். தங்கச்சி நிமிரவில்லை. பெடியனின் தாய்தான் வந்து அம்மாவின் கோட்டைக் கழற்றி வாங்கி, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டா. அன்று முழுக்க எங்களிடம் யாராவது கேட்ட மனிதத்தனமான கேள்வி அது ஒன்றுதான்.

எட்டு மணிபோல் திரும்பினோம். நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில், அம்மா பின்னால். பாதி வழியில் அம்மா கேட்டாள்.

"தாலி கட்டேக்கை அழுதவளோ?"

அழுதாள். நான் அதைச் சொல்லவில்லை.

"வந்து பாத்திருக்கலாம்தானே," என்றேன்.

"அம்மாவுக்கு ஏலாது எண்டு தெரியுந்தானே," என்றார் அப்பா.

"ஓம், உங்கட செக்ட் விட்டாத்தானே."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில், ரயிலில், மண்டபத்தில் மற்றவர்கள் சொன்னபோதெல்லாம் நான் சண்டை பிடித்த சொல். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்த முகம் இல்லை.

"ஒருத்தரும் மறிக்கேல்லைத் தம்பி," என்றாள். "மூப்பர் போகாதை எண்டு சொல்லேல்லை. அப்பா போவம் எண்டுதான் சொன்னவர். நான்தான் வரேல்லை. இருந்து யோசிச்சு, யோசிச்சுத்தான் வரேல்லை. சனம் அதை எங்களுக்கு ஆரோ செய்தது எண்டு சொல்லுது, நீயும் சொல்லுறாய். அதையாவது என்ர எண்டு விடு."

நான் இன்னும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

"முன்னாலை பாத்து ஓடு," என்றார் அப்பா. "றோட்டு வழுக்குது."