ஆமிக்குக் கொடுத்த கடிதம்

இந்த நாட்டு இராணுவத்தில் நிரந்தர அதிகாரியாகப் போகிறேன் என்று அக்கா வீட்டில் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. ஊரை விட்டு வந்த நாங்கள் ஓஸ்டர்முண்டிகனில் ஒரு நான்காம் மாடியில் இருந்தோம். அதற்கு முன்பே அவள் தானாக விரும்பி இராணுவப் பயிற்சி எடுத்திருந்தாள். அப்போது அப்பா தடுக்கவில்லை. சனிக்கிழமையானால் ஒரு மூட்டை அழுக்குடுப்போடு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள், அம்மா தோய்த்துக் கொடுப்பார். அதை ஏதோ நீளமான பள்ளிக்கூடச் சுற்றுலா என்று நினைத்து அப்பா பொறுத்துக்கொண்டார். இது அப்படியல்ல. இராணுவ அகாதமியில் சேர்ந்தால் இனி அதுதான் அவள் வாழ்க்கை.

விண்ணப்பத்தோடு இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வைக்கவேண்டும். இந்த நாட்டில் இரண்டு என்றால் இரண்டுதான், கூட ஒன்று வைக்க முடியாது. ஒன்று அவளுக்குப் பயிற்சி கொடுத்த கப்டனுடையது. மற்றது, ஆஸ்பத்திரியில் அவள் தாதி வேலை பழகியபோது மேலாளராக இருந்த, அக்கா ஷெஃபின் என்று சொல்லும் பெண்மணி எழுதியது. லிஃப்ட் நின்றுபோன ஒருநாள் அக்கா நோயாளிகளை எப்படிக் கீழே இறக்கினாள் என்று அந்த அம்மா இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்கே அக்காமேல் மரியாதை வந்துவிட்டது. அதுவரை அப்படி ஒன்று இருக்கவில்லை.

அனுப்புவதற்கு முதல் ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அப்பா கோட்டுப் பையிலிருந்து மூன்றாவதாக ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை வைக்க வரும் பாதிரியாரிடம் கேட்டு வாங்கியது. அவரை நாங்கள் சுவாமி என்போம். ஜெர்மன் மொழியில் எழுதியது சுவாமி, என்ன எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அப்பா. கீழே நீல நிறத்தில் வட்டமாக ஒரு சீல் குத்தியிருந்தது.

“ஆமிக்குக் குடுக்கிறது எண்டால் சுவாமின்ர கடிதம் வேணும்,” என்றார் அப்பா.

அம்மாவுக்காக நான் அதைத் தமிழாக்கி உரத்துப் படித்தேன். இவளையும் இவள் குடும்பத்தையும் எனக்கு நன்றாகத் தெரியும். இவள் எந்த இயக்கத்தையும் சேர்ந்தவள் அல்ல. இவளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவேண்டிய இடத்தில் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது எழுதுவார்களா? கூடச் சிரிப்பதற்கு ஆள் தேடினேன். அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

அக்கா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷெஃபினின் இரண்டு பக்கங்களையும் உறையிலிருந்து உருவிவிட்டு, சுவாமியின் கடிதத்தை உள்ளே வைத்தாள்.

“உனக்கென்ன விசரோ? உன்னை எடுக்கமாட்டினம்!” என்று கத்தினேன்.

“எடுக்காட்டிப் பரவாயில்லை. நீ சும்மா இரு.”

நேர்முகத்தேர்வில் இருந்த மூன்று அதிகாரிகளில் ஒருவர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, எந்த இயக்கம் என்று கேட்டாராம். விளக்கிச் சொல்லியே அக்காவுக்கு நேரம் போய்விட்டதாம். அந்த ஆண்டு அவளை எடுக்கவில்லை, அடுத்த ஆண்டுதான் எடுத்தார்கள். நான் ஒரு கிழமை அப்பாவோடு கதைக்கவில்லை. அக்காவின் ஒரு வருடத்தை அவருடைய பிடிவாதம் வீணாக்கிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் தினமும் போல விடிய எழும்பித் துப்புரவு வேலைக்குப் போய்வந்தார்.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்குப் பத்தொன்பது வயதில், அம்மா சொல்லித்தான் தெரியும். அக்காவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அந்தச் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பங்குச் சுவாமி கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று அப்பா சைக்கிளில் பறந்திருக்கிறார். சுவாமி அன்று வேறொரு ஊருக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, கடிதம் வாங்கி, முகாம் வாசலுக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிட்டது. காவலுக்கு நின்ற சிப்பாய் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தான். மடித்து, மரியாதையாக அப்பாவின் கையில் திருப்பிக் கொடுத்தான். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றான்.