செல்வமேரி வீட்டுப் பெட்டி

செல்வமேரி அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவர். கல்யாணமாகி அதே வரிசையின் மறுகோடிக்குப் போனார். கணவர் இறந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. மகள் ஆன்மேரி சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பதினொரு வீடுகள் கொண்ட அந்த வரிசையில் கடைசி வீடு அவருடையதாக இருந்தது. அதன் பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் இடையில் ஓர் ஆள் ஒடுங்கி நடக்கிற அளவுதான் இடம்.

காப்பி பறிப்பதில் அவரைவிட வேகமான கைகள் அந்த எஸ்டேட்டில் உண்டு. ஆனால் அவருக்கென்று ஒரு வேலை தனியாக இருந்தது. காப்பியைச் சேர்த்துவைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் நிற்கும் மழைமானியைத் தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் இன்னும் இஞ்ச், சென்ட் கணக்குதான்; நூறு சென்ட் ஓர் இஞ்ச். பதினெட்டு வருடங்களாக அவர் அதை விட்டதில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு போயிருக்கிறார். பழைய ரைட்டர் ஒருமுறை குத்துமதிப்பாக ஓர் அளவை எழுதி வைத்தபோது, அதை அடித்து வேறு எழுதும்வரை மேசைக்கு முன்னாலிருந்து நகரவில்லையாம். அப்போதிருந்து 'மேரி அளவு' என்றால் அங்கே யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் சரிவின் உச்சியில் நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் அங்கே தரையில் ஒரு விரிசல் கண்டது. முதலில் விரல் நுழைந்தது. மறுவருடம் கை நுழைந்தது. எஸ்டேட்காரர்கள் சேலத்தில் ஒரு சிறிய கம்பெனியிடம் எச்சரிக்கைக் கருவி கேட்டார்கள். அந்தக் கம்பெனியில்தான் நான் வேலை பார்க்கிறேன். அதே மலையில் கிளியூர்க்காரி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள்.

சரிவின் மண்ணுக்குள் உணரிகளைப் புதைத்து, அவற்றின் வயர்களைச் செல்வமேரி அக்கா வீட்டுச் சுவரில் மாட்டிய ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்தோம். சரிவுக்கு மிக அருகில் கரண்ட் இருந்த இடம் அதுதான். பெட்டி செல்போன் டவர் வழியாக நிமிடத்துக்கு ஒரு வரி சேலத்துக்கு அனுப்பும். மண் எவ்வளவு ஈரம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அதில் இருக்கும். சாய்வு ஐந்து டிகிரியைத் தாண்டினால், சேலத்திலிருந்து ஸ்டோரின் தொலைபேசிக் கம்பி வழியாக வரும் கட்டளையில், ஸ்டோர் கூரையில் வைத்த சைரன் தானாக ஊதும். ஊதினால் பதினொரு வீட்டுக்காரர்களும் ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

சேலத்தில் அந்த வரிகளை வாங்குவது ஜாவாவில் ஓடும் ஒரு நிரல். பல இடங்களிலிருந்து வரும் செய்திகளை வாங்கி உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் கேமல் என்ற கட்டமைப்பில் அதை எழுதினேன். அதில் வலைத்தொடர்பைக் கவனிக்கும் பகுதிக்கு நெட்டி என்று பெயர். எந்த எண்ணுள்ள வாசலில் காத்திருக்க வேண்டும், வருகிற எழுத்துகளை எங்கே வெட்டி ஒரு வரியாகக் கொள்ள வேண்டும், பெட்டிக்குப் பதில் அனுப்ப வேண்டுமா என்பதையெல்லாம் அதற்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு காவலும் வைத்தேன்: பத்து நிமிடம் பெட்டி பேசாவிட்டால் அதையும் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு சைரனை ஊது.

முதல் மாதத்திலேயே சைரன் பதினான்கு தடவை ஊதியது. செல்போன் டவர் சரியாக எடுக்காத நாளெல்லாம் ஊதியது. சரிவு அசையவே இல்லை. எஸ்டேட்டிலிருந்து புகார் வந்தது. எங்கள் மேலாளர் சந்திரசேகர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காவலை எடுத்துவிடச் சொன்னார். பேசாமல் இருப்பது குற்றமா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எடுத்தேன்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெட்டி சொல்லிக்கொள்ளாமல் அணைந்துபோனால், மறுமுனை செத்துவிட்டது என்று கண்டுபிடிக்கவே நிரலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தொடர்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். திரையில் கடைசியாக வந்த எண் பச்சை நிறத்தில் அப்படியே நிற்கும். தெரிந்தும் ஏன் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது என்பது ஒரு காரணம். அது போதுமான காரணமா என்று தெரியவில்லை.

அக்டோபரில் வேறு எதையோ தேடும்போது பெட்டியின் பழைய வரிகளைப் பார்த்தேன். மழை பெய்த ஒவ்வொரு பிற்பகலிலும் வரிகள் இல்லை. இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ நின்று, மழை ஓய்ந்த பிறகு மறுபடி தொடங்கியிருந்தன. காய்ந்த நாட்களில் ஒரு வரிகூடத் தவறவில்லை. சரிவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் பெட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தது. யாரிடமும் கேட்காமல் பத்து நிமிடக் காவலைத் திரும்பப் போட்டேன். மறுநாள் காலை பஸ் ஏறி, ஏற்காட்டில் இறங்கி, ஷேர் ஜீப்பில் மஞ்சக்குட்டை போய், மிச்சத்தை நடந்தேன். வழியெல்லாம் பனிமூட்டம். ரோட்டோரம் ஓடிய தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

செல்வமேரி அக்கா என்னைக் கண்டதும் டீக்குத் தண்ணீர் வைத்தார். மாதா படத்துக்குக் கீழே பெட்டி இருந்தது. அதற்குப் பூ வேலை செய்த துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். ஒரு தூசி இல்லை. மழை நேரத்தில் பெட்டி நின்றுபோகிறதா என்று கேட்டேன்.

"நின்னெல்லாம் போகாது கண்ணு. இடி சத்தங் கேட்டா நாந்தான் புடுங்கி வெச்சிருவேன். பொகைஞ்சு கிகைஞ்சு போச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

வலது கையை நீட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. ஐந்து வருடங்களுக்கு முன் டிவி பிளக்கைப் பிடுங்கும்போது பக்கத்து மரத்தில் மின்னல் இறங்கியதாம். டிவி கரிந்துபோனது. அதிலிருந்து முதல் உறுமலுக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். அவர் மட்டுமல்ல, இந்த மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கிளியூரில் என் அம்மாவும் அதைத்தான் செய்கிறாள். என் லேப்டாப்பை நானும் பிடுங்கியிருக்கிறேன். சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் காவலை எழுதியபோது இது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. மலையிலிருந்து போனவள் என்பதற்காகவே என்னிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலே உறுமியது. அக்கா பேச்சை நிறுத்தாமலே எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, உறையைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

இன்னும் பத்து நிமிடத்தில் சைரன் ஊதும் என்று சொன்னேன். எப்படி என்றும் சொன்னேன். அதற்குள் டீ குடித்துவிடலாம் என்றார்.

சரியாக ஊதியது. மழையில் கதவுகள் திறந்தன. மூன்றாவது வீட்டு ஆண்டனி ராஜ் தலைக்கு மேல் உரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏனுங் மேரியக்கா, உங்க பொட்டிக்குப் பசிக்குதாட்ட இருக்குது. கொஞ்சம் சோறு வெய்யுங்க."

தான் பிளக்கைப் பிடுங்கியதால்தான் ஊதுகிறது, யாரும் வர வேண்டாம் என்று அக்கா குரல் கொடுத்தார். சிரித்தபடி எல்லோரும் உள்ளே போனார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. சைரன் ஊதிக்கொண்டே இருந்தது. இப்போது சரிவு அசைந்தாலும் இதே சத்தம்தான் வரும். அசைகிறதா என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் துணி உறைக்குள் அணைந்து கிடந்தது.

காலையில் மழைமானியில் எவ்வளவு என்று கேட்டேன். மூன்று இஞ்ச் இருபது சென்ட் என்றார். பதினெட்டு வருடங்களில் அப்படி இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாராம். அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். அதன் அடியில் தரை ஈரமாகக் கசிந்திருந்தது.

பிளக்கை மாட்டலாம் என்றேன்.

"மின்னல் எறங்குச்சுன்னா?"

நானே மாட்டுகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காரு கண்ணு. உங்கம்மா இதுக்கா உன்னயப் படிக்க வெச்சா?"

ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டார். காய்ந்த கோணிச்சாக்கை மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் மாட்டினார். முகத்தைச் சுவரிலிருந்து திருப்பிக்கொண்டிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. பெட்டியில் விளக்கு எரிந்தது. சைரன் நின்றது.

என் போனில் முதல் வரி வந்தது. காலையில் சாய்வு இரண்டு. இப்போது ஏழு.

சைரன் மறுபடி தொடங்கியது.

"ஏழுன்னா என்ன கண்ணு?"

"அஞ்சத் தாண்டக் கூடாதுங்க அக்கா."

அவர் எழுந்தார். மகளுடைய சர்டிபிகேட் கவரை மட்டும் எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கினார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஆண்டனி ராஜ் கதவைப் பாதி திறந்து, மறுபடியும் பிடுங்கிட்டீங்களா என்று சிரித்தார்.

"அந்தோணி, பதினெட்டு வருசத்துல நாஞ்சொன்ன அளவு ஒருக்காவாச்சும் தப்பாயிருக்குதா?"

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்பின் மற்ற வீடுகளில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஸ்டோரில் முப்பத்தொரு பேர் இருந்தோம். பறிப்பு தொடங்காததால் இடம் காலியாக இருந்தது. போன வருடத்துக் காப்பித் தொலியின் புளித்த வாடை. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு. எட்டு. ஒன்பது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஊதுவதைத் தானாக நிறுத்திக்கொள்ளும்படி வைத்திருந்ததால் சைரன் ஓய்ந்திருந்தது. பெரிய இடி ஒன்று இடித்தது. செல்வமேரி அக்கா பழக்கத்தில் சட்டென்று எழுந்துவிட்டார். பிறகு எங்கே இருக்கிறோம் என்று உணர்ந்து மெல்ல உட்கார்ந்தார்.

"புடுங்காம வந்துட்டனே," என்றார்.

நான்கு நாற்பதுக்கு ஒரு வரி வந்தது. பதினொன்று. அடுத்த நிமிடம் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த நிமிடமும் வரவில்லை.

டவராக இருக்கலாம். கரண்ட் போயிருக்கலாம். பதினான்கு தடவை அப்படித்தான் இருந்தது. எந்த மௌனம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல என் நிரலுக்குத் தெரியாது. நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசலில் போய் நின்றேன். நூறு அடி தள்ளியிருந்த லைன் வீடுகள் மூட்டத்தில் தெரியவில்லை. மழைச் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டதா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அக்கா வந்து பக்கத்தில் நின்றார். பெட்டி நின்றுபோனதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்றார். ஏழு நிமிடம் என்றேன். அவர் ஈரச் சேலை முந்தானையால் வலது கையைச் சுற்றிக்கொண்டு மூட்டத்தையே பார்த்தார்.

எட்டு நிமிடம். ஒன்பது.

பத்தாவது நிமிடம் தலைக்கு மேல் சைரன் ஊதியது. இந்தத் தடவை அந்த வீடுகளில் பிளக்கைப் பிடுங்க யாரும் இல்லை.