சட்டப்படி சைக்கிள்

லைசென்ஸ் பரீட்சையில் எட்டுப் போடத் தெரியாமல் மறுபடி மறுபடி தோற்ற பிறகு, ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் திருவனந்தபுரத்துக்கு அது புதுசு. மெதுவாகப் போகிற அந்த ரகத்துக்கு லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பலகையும் வேண்டாம், சட்டப்படி அது சைக்கிள் மாதிரிதான் என்றார் விற்றவர். வலியசாலை வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வர எனக்கு அது போதும்.

ஒருநாள் காலை கிள்ளிப்பாலம் ஜங்ஷனில் ஒரு எஸ்.ஐ. கைகாட்டி நிறுத்தினார். தமிழ் வியாபாரிகள் நிறைந்த சாலைக் கடைத்தெருவில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர்.

"லைசென்ஸ் எவிடெ?"

"வேண்டாம் சார். இது சைக்கிள் கணக்கு."

"சைக்கிளா? பின்னே பெடல்?"

பெடல்கள் உண்டு. புடவை சிக்குகிறதே என்று கழற்றி சீட்டுக்கடியில் போட்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெடலைப் பையில வச்சா ஞானும் சைக்கிள்தான்."

சைக்கிளைவிட வேகமாகப் போகாது என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த நேரம் பார்த்து, பிளாஸ்டிக் குடமும் வாளியும் மலைபோல் கட்டிய சைக்கிளில் ஒரு வியாபாரி வந்தார். எஸ்.ஐ. அவரையும் நிறுத்தி, நாங்கள் இருவரும் அடுத்த வளைவு வரை ஓட்டிக்காட்ட வேண்டும் என்றார்.

"யாவாரம் கெடக்கு சார்," என்றார் வியாபாரி, திருநெல்வேலித் தமிழில்.

"ஒரு மினிட்டு போதும்."

நான் தோற்றால்தான் எனக்கு நல்லது. ஆனால் அந்தக் குடங்கள் கடகடவென்று என்னைத் தாண்டியபோது ரோஷம் வந்துவிட்டது. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினேன். சின்ன ஏற்றம், வண்டி முனகியது. "சவிட்டு சேச்சி, சவிட்டு," என்று ஆட்டோக்காரர்கள் என்னை மிதிக்கச் சொன்னார்கள். பெடல்கள் எஸ்.ஐ.யின் கையில் இருந்தன. வியாபாரி வளைவில் காலூன்றி எனக்காகக் காத்திருந்தார்.

திரும்பி வந்ததும் எஸ்.ஐ. பெடல்களை நீட்டினார். "சைக்கிள்தன்னே. பொய்க்கோ," என்று என்னைப் போகச் சொல்லிவிட்டு வியாபாரியிடம் திரும்பினார். "உன் வண்டியில பெல் எங்கே?"

வியாபாரி ஒரு குடத்தைத் தட்டிக்காட்டினார்.

"இத்தனை ஸ்பீடுல போறவனுக்கு பெல் வேண்டே?"

"நீங்க சொல்லித்தானே சார் வேகமா போனார்," என்றேன்.

"அது சரி. இவனுக்கு இத்தனை ஸ்பீடு உண்டுன்னு ஞான் இப்போதானே கண்டேன்."

பெல் மாட்டாமல் நகரக் கூடாது என்றுவிட்டார். நான் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெல் வாங்கி வந்தேன். வியாபாரி கோபப்படாமல் அதை மாட்டிக்கொண்டே, "அக்கா, வந்ததுக்கு ஒரு வாளியாவது எடுத்துக்கோங்க," என்றார். நீல வாளியோடு ஆபீசுக்குத் தாமதமாகப் போனேன்.

அதன்பின் அந்த எஸ்.ஐ. என்னை நிறுத்தவே இல்லை. நான் கடந்துபோக பஸ்ஸையும் நிறுத்தவில்லை. சைக்கிளில் நிற்பவர்கள் அந்த ஜங்ஷனில் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஹாரன் அடித்தால் லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு மழைநாளில் கடக்க முடியாமல் நனைந்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, மறுநாளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அந்த முறை எட்டு வந்துவிட்டது.