கழுதையைப் பிழைக்கவைத்தேன்

குழந்தையிடம் எவ்வளவு உண்மையைச் சொல்லலாம்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்குப் பிடித்த வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவரின் நாவலை, கடலூரில் என் ஏழு வயது மகளுக்குத் தமிழில் சொல்லிவந்தேன். அதில் ஒரு சிறுமி வளர்க்கும் கழுதை செத்துவிடும். நான் சொன்ன கதையில் அதைப் பிழைக்கவைத்துவிட்டேன்.

போன வாரம் அந்தக் கதையைப் படமாகப் பார்த்தோம். திரைக்கதையும் அவரேதான். சினிமாவுக்காகக்கூட அவர் அந்தச் சாவை மாற்றவில்லை. செத்த கழுதையின் காதைச் சிறுமி தடவிக்கொண்டே இருந்தாள். என் மகள் அழுதாள், பயப்படவில்லை.

"அவுரு உண்மையச் சொல்லிட்டாரு. நீ ஏம்மா பொய் சொன்ன?"

"நீ அழுவேன்னுதான்டி."

"அழுதுட்டுப் போறேன். அதுக்கென்ன?"

அந்த எழுத்தாளர் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது. அப்போதுதான் அவள் கேட்டாள்: "அப்ப, தாத்தாவுக்கும் வெறும் காய்ச்சல் இல்லியா?"

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இருக்கும் என் அப்பா இனிப் பிழைக்கமாட்டார். வெறும் காய்ச்சல் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் எப்படித் தொடங்குவீர்கள்? எழுதுங்களேன்.