வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கப்பல்

விக்கிரவாண்டி ரோட்டோர ஓட்டலில் இருபது வருடம் புரோட்டா போட்டவர் ராயப்பன். மாவைப் பதமாகப் பிசைவார், மனிதரிடம் அந்தப் பதம் வராது. 1997-இல் புது வீட்டுக்குக் குடிபோனபோது, மனைவியின் அண்ணன் செபஸ்தியானுக்குப் பத்திரிகையைப் பால்காரரிடம் கொடுத்தனுப்பினார். பெண் எடுத்த வீட்டை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டாமா? ஏழு வருடம் பேச்சில்லை.

2004-இல் மகள் பிரின்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் மாலை போடாமல் கோவிலுக்குக் கிளம்ப மாட்டேன் என்றுவிட்டாள். ராயப்பன் அசையவில்லை.

அந்த மாதம்தான் மாதா திருவிழா. தென்னரசு வாத்தியார் அமெரிக்கச் சுதந்திர நாடகம் போட்டார். ராயப்பன் அமெரிக்கத் தளபதி, நான் ஆங்கிலேயச் சிப்பாய். பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து கடல் வழியை அடைத்த பிறகுதான் நாங்கள் சரணடைய வேண்டும். சரித்திரத்திலும் அப்படித்தானாம். கப்பல், செபஸ்தியானின் டிராக்டர். காலையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிய டிரெய்லரில் சாயங்காலம் பாய்மரம் நின்றது. தளபதி யார் என்று வாத்தியார் அவரிடம் சொல்லவில்லை.

"பிரெஞ்சு நண்பர்கள் இதோ வருகிறார்கள்" என்று ராயப்பன் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. கோவில் மதிலோரம் டிராக்டர் உறுமியதே தவிர நகரவில்லை. வாத்தியார் ஓடினார்.

"அவருக்கு உதவியா நானு? என்னை யாரு கூப்ட்டாங்க?" என்றார் செபஸ்தியான்.

"நாடகம்ங்க இது."

"பால்காரரை ஓட்டச் சொல்லுங்க."

நான் மேடையில் ராயப்பன் காதோரம், "ஜல்தியா எதாச்சும் பண்ணுய்யா. எவ்ளோ நேரம் தோக்காம நின்னுக்கினு இருக்கறது?" என்றேன்.

அதற்குள் அவர் மனைவி பாக்கியமேரி மேடையேறி ஒரு வெற்றிலைத் தட்டை நீட்டினாள். "புடிங்க. எங்க அண்ணன் வரலன்னா சுதந்திரமும் இல்ல, கல்யாணமும் இல்ல."

தளபதி தொப்பியைக் கழற்றிவிட்டுத் தட்டோடு டிராக்டரை நோக்கிக் கூட்டத்துக்குள் இறங்கினார்.

"மச்சான், பொண்ணு கல்யாணம். நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்."

"கப்பலுக்கு?"

"அதுக்கும் சேத்துதான்."

"ரெண்டுக்கும் ஒரே தட்டா மாப்ள?" என்றபடி வெற்றிலையைப் பிரெஞ்சு வேஷக் கோட்டின் பையில் செருகிக்கொண்டு கியரைப் போட்டார் செபஸ்தியான். நாங்கள் நிம்மதியாகச் சரணடைந்தோம்.

மறுமாதம் மாலையும் சீரும் அதே டிராக்டரில் வந்தன. பாய்மரத்தைக் கழற்ற நேரமில்லையாம்.

இப்போது வீட்டு நாய் குட்டி போட்டால்கூட ராயப்பன் தட்டோடு நேரில் வந்து சொல்கிறார். பெரிய தொல்லையாக இருக்கிறது.